இடப்பக்கம் இழுத்த லாரி

"பிரேக் போட்டா வண்டி எடப்பக்கமா இழுக்குதுண்ணே" என்று செங்குட்டுவன் முதல் முறை வந்து சொன்னபோது ராயப்பன் உடனே ஒரு கோணியை விரித்துப் போட்டு லாரிக்கு அடியில் படுத்துவிட்டார். இரண்டாம் முறை சொன்னபோதும் படுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகும் அவன் அதையே சொல்லிக்கொண்டு வந்து நின்றபோதுதான், கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, லாரியைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார்.

"குட்டுவா, உக்காரு. ஒரு டீ குடி" என்றார்.

அந்தக் குரல் செங்குட்டுவனுக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்றைக்கு டாக்டர் பேசியதும் இப்படித்தான் இருந்தது.

மந்தாரக்குப்பத்தில் லாரிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் செங்குட்டுவன் கிளீனராக இருந்த காலத்திலிருந்து ராயப்பன் பட்டறையைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டதில்லை. ராயப்பனின் அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். மகன் சுரங்கத்துக்குப் போகாமல் வண்டிகளுக்கு அடியில் படுத்தே வாழ்க்கையை ஓட்டிவிட்டார். கோபக்காரர் என்றாலும் பொய் சொல்லமாட்டார். அதனால்தான் அவர் வாயிலிருந்து அடுத்து வந்த வார்த்தை செங்குட்டுவனை அப்படித் தைத்தது.

"வண்டியில ஒண்ணும் இல்லப்பா. உனக்குத்தான் இன்னும் அந்தப் பயம் போகல."

அந்தப் பயம் எது என்று இருவருக்குமே தெரியும். சென்ற தை மாதம் சிங்காரவேலின் சூளையிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு நெல்லிக்குப்பத்துக்குப் போனான் செங்குட்டுவன். சூளை என்று பழக்கத்தில் சொல்வார்களே தவிர அங்கே நெருப்பு கிடையாது; அனல்மின் நிலையத்துச் சாம்பலை அச்சில் அழுத்திக் கல்லாக்கும் இடம் அது. மேல்பட்டாம்பாக்கத்தைத் தாண்டியதும், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் ஒன்று திடீரென்று சாலையின் குறுக்கே திரும்பியது. அதன் பெட்டியின் மேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். டிராக்டர் தப்பியது. லாரி மதகுச் சுவரில் போய் மோதியது. தொடை எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. லாரிக்கு, முன் சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் ஆக்சில் வாழைத்தண்டு மாதிரி வளைந்துபோயிற்று.

செங்குட்டுவனின் அப்பா சாமிக்கண்ணு பிறர் வயலில் நாற்று சுமந்தவர். பிறகு கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியைக் கூட்டி அள்ளும் ஒப்பந்த வேலையிலேயே முதுகு வளைந்து போனவர். அவர்கள் தெருவில் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு லாரி வந்து நின்றது என்றால் அது செங்குட்டுவனுடையதுதான். பழைய வண்டிதான். ஆனாலும் அது வந்த நாளில் தெருவே கூடி நின்று பார்த்தது. அந்த லாரி மூக்குடைந்து பட்டறையில் கிடந்த காலம் முழுக்க, வீட்டில் கிடந்த அவனுக்குக் கால் வலித்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது.

புது ஆக்சில் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால், விழுப்புரத்தில் ஒரு காயலான் கடையில் தேடிப்பிடித்து, வேறொரு லாரியிலிருந்து கழற்றிய ஆக்சிலை ராயப்பனே கொண்டுவந்து மாட்டினார். அளவெல்லாம் பொருந்தியது. ஆனால் முதல் ஓட்டத்திலேயே பிரேக்கைத் தொட்டால் வண்டி இடது பக்கம் பாய்ந்தது. அப்போது அதை ராயப்பனும் உணர்ந்தார்.

தேடினார். பிரேக்கைத் தள்ளும் காற்றுச் சேம்பர் இடது சக்கரத்தில் பெரியதாகவும் வலது சக்கரத்தில் சிறியதாகவும் இருந்தது. யாரோ முன்பு கிடைத்ததைப் பூட்டி ஓட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே அளவாக மாற்றினார். பாதி இழுப்பு நின்றது. மறுபடி பிரித்தார். வலது சக்கரத்தின் ஆயில் சீல் கசிந்து, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனர் முழுக்க எண்ணெய் ஊறிக் கிடந்தது. எண்ணெய் ஊறிய லைனர் எப்படிப் பிடிக்கும்? வலது பக்கம் வழுக்க, இடது பக்கம் மட்டும் பிடித்து இழுத்தது. சீலை மாற்றி, இரு பக்கமும் புது லைனர் போட்டு, காற்றுக் குழாய்களையும் மாற்றினார். பட்டறைக்கு எதிரே உள்ள சாலையில் ஓட்டிப் பார்த்தபோது லாரி நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது.

"முடிஞ்சுது வேலை" என்று கையைத் துடைத்தார் ராயப்பன்.

ஆனால் மறுநாளே கல் ஏற்றிக்கொண்டு குறிஞ்சிப்பாடி போன செங்குட்டுவன், ஒரு பஸ் முன்னால் சட்டென்று நின்றதால் பிரேக்கை அழுத்தியபோது, ஸ்டியரிங் தன் கைக்குள்ளிருந்து இடது பக்கம் நழுவுவதை உணர்ந்தான். வண்டியை ஓரம் கட்டி, அந்த பஸ் கண்ணுக்கு மறையும்வரை உட்கார்ந்திருந்தான். பட்டறைக்குத் திரும்பி வந்து சொன்னான். ராயப்பன் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார்; டேப் வைத்து இரு பக்க அளவையும் பார்த்தார். எல்லாமே சரியாக இருந்தது. அவரே ஓட்டினார். நேராக நின்றது.

இப்போது டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அடிபட்டவன் காலு அது. பிரேக்க மிதிக்கிற நேரத்துல கை தன்னால ஒடிக்குது. அன்னைக்கு ஒடிச்ச மாதிரியே. நீ வேணும்னு செய்யறேன்னு நான் சொல்லல. கொஞ்ச நாள் போகட்டும்."

செங்குட்டுவன் டீயை ஒரே மடக்காகக் குடித்தான். இரவுகளில் அந்த மதகுச் சுவர் கண்ணெதிரே வருவது உண்மை. பிரேக்கில் கால் வைக்குமுன் ஒரு கணம் மூச்சு நிற்பதும் உண்மை. இழுப்பது வண்டியா தன் கையா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சிங்காரவேலுக்குக் கல் போய்ச் சேர வேண்டும். அவர் கெட்டவர் இல்லை; நாலு மாதம் வேறு வண்டி வைத்துச் சமாளித்துக்கொண்டு இவனுக்காகவே காத்திருந்தவர். "வண்டி நல்லாத்தான இருக்குது? நீ கொஞ்ச நாளு வூட்ல இரு. பிரவீன்குமார் ஓட்டட்டும். வண்டி ஓடினா ஒனக்கும் நல்லது" என்றார்.

பிரவீன்குமார் வடலூர்க்காரன். கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருக்கிறது. நிதானமான ஓட்டுநர். ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்க வந்தவனிடம் செங்குட்டுவன் மெதுவாகக் கேட்டான்.

"பிரேக்கு எப்டி இருக்குது?"

"நல்லாக்கீதுண்ணா. ஒண்ணும் தெரில."

"இழுக்கலியா?"

"நான் பிரேக்க அவ்ளோவா தொடவே மாட்டேண்ணா. கியர்லயே அடக்கிகினு வந்துடுவேன்." போகப் போனவன் திரும்பினான். "ஆனா ஒண்ணு. ஒரொரு நேரம் ஸ்டியரிங்கு நேரா புடிச்சாலும் கொஞ்சம் கோணலா நிக்குது. அப்பறம் பட்டறைக்கோ சூளைக்கோ வந்துட்டா சரியா பூடுது. பழைய வண்டிதானே, அதான்னு வுட்டுட்டேன்."

அன்றைக்கு அந்தப் பேச்சு செங்குட்டுவன் மனதில் எங்கோ போய் ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. பிரேக் அழுத்திய பிறகு ஸ்டியரிங் கோணலாக நிற்கும். அதைக்கூட அவன் தன் கையின் குற்றம் என்று எண்ணியிருந்தான். பிரவீன்குமாருக்குக் கால் ஒடியவில்லை. அவன் எந்த மதகிலும் மோதவில்லை. பிறகு அவன் கையில் ஏன் கோணியது?

செங்குட்டுவனின் மனைவி இளவேனில் சுரங்கத்துக் கேண்டீனில் ஒப்பந்தத் தொழிலாளி. முதல் ஷிப்ட் முடித்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அவன் இதைச் சொன்னான். கணவன் வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் அவள் அவனை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. ஆனால் "உனக்கு ஒண்ணுமில்ல மாமா" என்று சமாதானமும் சொன்னதில்லை. அதுவே அவனுக்குப் பெரிய துணையாக இருந்தது.

"ராயப்பண்ணன் வண்டிய எங்க வச்சிப் பாத்தாரு?" என்று கேட்டாள்.

"பட்டறையிலதான். வேற எங்க?"

"இழுத்தது எங்க?"

"ரோட்ல."

"அப்பறம் என்னா? நம்ம பாப்பா போன வருசம் பள்ளிக்கூடத்துல வவுத்த வலிக்குதுன்னு சொல்லிகினே இருந்தா. வூட்டுக்கு வந்தா நல்லா வெளயாடுவா. பொய் சொல்றான்னு நீகூட அடிக்கப் போன. நான் பள்ளிக்கூடத்துக்கே போயி உக்காந்து பாத்தப்பதான, அங்க கக்கூசு பூட்டிக் கெடக்குது, புள்ள அடக்கிகினு கெடக்குதுன்னு தெரிஞ்சிது. வலிக்கிற எடத்துல போய்ப் பாக்கணும் மாமா. வூட்டுக்கு இட்டாந்து பாத்தா என்னா தெரியும்?"

செங்குட்டுவன் கொடியிலிருந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வெறும் வண்டிய ஓட்டிப் பாக்கறாரு. நீ சொல்றது லோடு ஏத்தினப்ப. லோட ஏத்திகினு அவரையும் ஏத்திகினு போ. வண்டிதான் இழுக்குதுன்னா தெரிஞ்சிபூடும். ஒன் கையிதான்னாலும் தெரிஞ்சிபூடும். எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்."

"என் கையின்னு தெரிஞ்சிட்டா?"

"அப்ப கைக்கு வைத்தியம் பாப்போம்" என்றாள் இளவேனில், துண்டை உதறிக்கொண்டே. "ஆனா வண்டின்னு இருந்து, அந்தப் பிரவீனு ஒருநாளு பிரேக்க ஏறி மிதிக்கிறாப்ல ஆச்சுன்னா?"

அதைத்தான் அவனும் சொல்ல முடியாமல் நினைத்துக்கொண்டிருந்தான். கியரிலேயே அடக்கி ஓட்டுகிறவனுக்கும் ஒருநாள் குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வரும். அன்றைக்கு அவன் பிரேக்கை மிதித்தே ஆகவேண்டும். தான் பயந்தாங்கொள்ளி என்று ஊர் சொல்லிவிட்டுப் போகட்டும். தன் வண்டி இன்னொருவனைக் கொண்டுபோய் மரத்தில் மோதக் கூடாது.

மறுநாள் காலை சிங்காரவேலிடம் போய்க் கேட்டான். அவர் முகத்தைச் சுளித்தார்.

"லோடு ஏத்திகினு சும்மா சுத்தப் போறியா? கல்லு ஒடைஞ்சா யாரு பொறுப்பு?"

"ஒடைஞ்ச கல்லு குப்பையா கொட்டிக் கெடக்குதே மொதலாளி. அதையே ஏத்திகினு போறேன். நானே அள்ளிப் போடறேன்."

சிங்காரவேல் சற்று நேரம் அவனையும், அவன் தாங்கித் தாங்கி நிற்கும் காலையும் பார்த்தார். "நீ எதுக்கு அள்ற? ஆளு வுடறேன். பாத்துகினு சாயந்தரத்துக்குள்ள வந்து சேரு" என்றார்.

ராயப்பனை வரவழைப்பதுதான் கடினமாக இருந்தது. "பட்டறையில ரெண்டு வண்டி பிரிச்சுக் கிடக்கு" என்றார். "நான் பாக்காத இடம் அதுல ஒண்ணும் பாக்கியில்ல" என்றார். செங்குட்டுவன் வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, எனக்குப் பயம்தான். இல்லேன்னு சொல்லல. ஒரே ஒரு தபா லோடோட பக்கத்துல வந்து உக்காருங்க. என் கை ஒடிக்குதா, வண்டி இழுக்குதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க என்னா சொல்றீங்களோ அதோட வுட்டுடறேன்."

ராயப்பன் முனகிக்கொண்டே சட்டையை மாட்டினார். ஏறுவதற்கு முன் என்ன தோன்றியதோ, ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு முன் சக்கரங்களின் பக்கம் குனிந்தார். ஆக்சிலின் மேல், வண்டியின் எடையைத் தாங்கும் வில்லாகிய கமான் பட்டை உட்காரும் இடத்தில், பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு கிழித்தார். இரண்டு பக்கமும் அப்படியே.

"இது எதுக்குண்ணே?"

"சும்மா. பிரேக்கைத் தவிர மத்ததையும் பாத்துடலாம்னுதான்."

சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மேடுகளை ஒட்டி ஒரு பழைய சாலை போகிறது. புதுச் சாலை வந்தபிறகு அதில் ஆள் நடமாட்டம் கிடையாது. இரு பக்கமும் தைல மரமும் முள்ளும்தான். தூரத்தில் கன்வேயர் ஓடும் இரைச்சல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். செங்குட்டுவன் லாரியை அங்கே கொண்டுபோனான். பின்னால் உடைந்த கல் நிறைய இருந்தது. பக்கத்தில் ராயப்பன், முன் பலகையில் கையூன்றி உட்கார்ந்திருந்தார்.

"நாலாங் கியருக்குப் போ. நான் சொல்றப்ப அழுத்து. ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிக்காத. சும்மா கையை வச்சிரு."

வண்டி வேகம் எடுத்தது. "அழுத்து!" என்றார் ராயப்பன்.

செங்குட்டுவனின் கால் பிரேக்கின் மேல் போயிற்று. ஆனால் அழுத்தவில்லை, தடவியது. லாரி பெருமூச்சுவிட்டுக்கொண்டு மெதுவாக நின்றது. நேராகத்தான் நின்றது.

"இன்னொரு தடவை" என்றார் ராயப்பன். திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டினான். மறுபடியும் அதே. கால் அதற்குமேல் இறங்க மறுத்தது. தொடையில் எலும்பு சேர்ந்த இடம் விண்ணென்று தெறித்தது. கண்ணெதிரே சாலை காலியாகக் கிடந்தது. ஆனாலும் அவனுக்கு ஒரு சுவர் தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"முடியலண்ணே."

ராயப்பன் தன் பக்கத்துக் கதவைத் திறப்பார், இறங்கு நான் ஓட்டுகிறேன் என்பார் என்று எதிர்பார்த்தான். அவர் திறக்கவில்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அவசரமில்ல. இந்த ரோட்ல யாரும் வரப்போறதில்ல" என்றார். பிறகு, "நான் ஓட்டினா என் கைய பத்தித்தான் தெரியும். உன் கைய பத்தி எப்படித் தெரியும்? நீதான் ஓட்டணும்" என்றார்.

தண்ணீர் குடித்தான். மண் மேட்டின் மேல் ஆடுகள் இரண்டு ஏறிக்கொண்டிருந்தன. அவை உச்சிக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டியைக் கிளப்பினான். இந்த முறை அவன் சுவரைப் பற்றி நினைக்காமல் இருக்க முயலவில்லை. வரட்டும் என்று விட்டான். வந்தது. அதற்கு முன்னால் நிற்கவேண்டும், அவ்வளவுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ராயப்பன் வாய் திறக்கும் முன்பே, காலைத் தரைவரைக்கும் அழுத்தினான்.

டயர்கள் அலறின. கல்லெல்லாம் முன்னால் சரிந்து கேபினில் மோதியது. அவன் விரல்கள் ஸ்டியரிங்கின் மேல் வெறுமனே கிடக்க, லாரியின் மூக்கு யாரோ கயிறு கட்டி இழுத்தாற்போல் இடது பக்கம் திரும்பியது. சாலையை விட்டிறங்கி, முள்ளுக்குள் ஒரு சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. ராயப்பனின் தோள் கதவில் இடித்துக்கொண்டது.

தூசி மெல்ல அடங்கியது.

"கைய வச்சேனாண்ணே?" என்று கேட்டான் செங்குட்டுவன்.

"நீ கைய வைக்கலடா" என்றார் ராயப்பன். தோளைத் தேய்த்துக்கொண்டே அவனைத் திரும்பிப் பார்த்தார். "வண்டிதான் இழுக்குது. நான் பாத்தேன். வண்டிதான்."

செங்குட்டுவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. ஓட்டை வண்டி என்று தெரிந்து இத்தனை சந்தோஷப்பட்ட லாரிக்காரன் அந்த மாவட்டத்திலேயே வேறு யாரும் இருந்திருக்கமாட்டான்.

பழக்க தோஷத்தில் அவன் ரிவர்ஸ் கியரைப் போடப்போனான். ராயப்பன் சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

"ஆட்டாத! இப்படியே இருக்கட்டும். நிறுத்து இஞ்சின."

சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, முள்ளை ஒடித்து ஒதுக்கி, இடது முன் சக்கரத்தின் பின்னால் தலையை நுழைத்தார். பிறகு, "குட்டுவா, இங்க வா. வந்து பாரு" என்றார்.

செங்குட்டுவன் காலை நீட்டிக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தான். காலையில் ஒரே நேராக இருந்த சாக்கட்டிக் கோடு இப்போது இரண்டாக உடைந்திருந்தது. மேல் பாதி கமான் பட்டையில் நின்ற இடத்தில் நின்றது. கீழ்ப் பாதி, ஆக்சிலோடு, ஒரு விரல் அகலம் பின்னுக்குப் போயிருந்தது. வலது பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தார்கள். அங்கே கோடு உடையவில்லை.

"பிரேக்குல கோளாறே இல்ல" என்றார் ராயப்பன். "பிரேக் பிடிக்கிறப்ப சக்கரம் பின்னால போகப் பாக்கும். ஆக்சில் அத விடாம பிடிச்சிக்கணும். இங்க இடது பக்கம் ஆக்சிலே பட்டைக்கு அடியில நழுவுது. ஒரு பக்கம் சக்கரம் பின்னால போயிட்டா வண்டி அந்தப் பக்கம்தானே திரும்பும்?"

"அப்ப வெறும் வண்டியில ஏன் நழுவல?"

"வெறும் வண்டிக்கு அவ்வளவு விசை எங்க இருக்கு? லோடு இருந்து, அதுலயும் ஏறி மிதிச்சாத்தான்."

"பட்டறையில நீங்க அளவு வச்சிப் பாத்தீங்களேண்ணே. ரெண்டு பக்கமும் சரியா இருந்துச்சே."

ராயப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். யோசித்தார். பிறகு தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார்.

"பட்டறைக்குள்ள வண்டிய எப்படி விடுவோம்?"

"ரிவர்ஸ்ல…"

"ரிவர்ஸ்ல விட்டு பிரேக் போடுவோம். முன்னால போறப்ப பின்னுக்கு நழுவின ஆக்சிலுக்குத் திரும்பி வர அவ்வளவு விசை வேண்டாம்; பின்னால வர்றப்ப லேசா பிரேக் பிடிச்சாலே முன்னுக்கு நழுவி அதே இடத்துல உக்காந்துக்குது. அப்புறம் நான் அடியில படுத்து டேப் வச்சா எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் வியாதிய நாமே மறைச்சுட்டுத்தான் தேடியிருக்கோம்."

பிரவீன்குமார் சொன்ன கோணல் ஸ்டியரிங் இப்போது செங்குட்டுவனுக்கு விளங்கியது. சூளையிலும் ரிவர்ஸில்தான் வண்டியை நிறுத்துவார்கள்.

அப்போது ராயப்பன் செய்ததைப் பிற்பாடு செங்குட்டுவன் இளவேனிலிடம் பலமுறை சொன்னான். அவர் எழுந்து, கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அவன் தோளில் கைபோட்டுக்கொண்டார். "ரெண்டு குத்தம் கண்டுபிடிச்சிட்டதும் மூணாவது இருக்காதுன்னு நெனச்சிட்டேன். வண்டி மேல போடவேண்டிய பழிய உன் கால் மேல போட்டுட்டேன்பா. மனசுல வச்சுக்காத" என்றார். அவ்வளவுதான். உடனே, "சரி, சரி, ஏறு. ஊர்ந்துகிட்டே போகலாம். பிரேக்கைத் தொடாத" என்று பழைய அதட்டலுக்கு வந்துவிட்டார்.

பட்டறையில், பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்து இறுக்கும் யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துப் பட்டையைத் தூக்கியபோது விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று. கமான் பட்டைகளைச் சேர்த்துக் கட்டும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சிலில் உள்ள குழிக்குள் கச்சிதமாக இறங்கி உட்கார வேண்டும். அதுதான் ஆக்சிலை நகரவிடாமல் பிடிக்கும் ஆணி. இந்த ஆக்சிலின் முந்தைய பிறவியில் யாரோ போல்ட் தளர்ந்தபடியே வெகுகாலம் ஓட்டியிருக்கிறார்கள். இடது பக்கக் குழி தேய்ந்து தேய்ந்து முட்டை வடிவமாகிக் கிடந்தது. மாட்டும்போது அதில் கிரீஸும் மண்ணும் அடைத்திருந்ததால் கண்ணில் படவில்லை. போல்ட்டின் தலை அதற்குள், பெரிய செருப்பில் சின்னக் கால் மாதிரி, முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது.

ராயப்பன் அன்றே ஆக்சிலைக் கழற்றி லேத்துக்கு அனுப்பினார். இரண்டு குழிகளையும் வட்டமாகக் கடைந்து, உள்ளே புஷ் என்னும் இரும்பு வளையத்தை இறக்கி, போல்ட்டின் தலை சிக்கென்று உட்காரும்படி செய்தார்கள். சென்டர் போல்ட்டும் புதிது, யூ போல்ட்டும் புதிது. மாட்டி முடித்ததும், உடைந்த கல்லை மறுபடி ஏற்றி, அந்த எடையிலேயே யூ போல்ட்டுகளை ராயப்பன் தன் கையால் இன்னொரு முறை முறுக்கினார். பிறகு மறுபடி சாக்கட்டிக் கோடு; மறுபடி அதே மண் மேட்டுச் சாலை.

இந்த முறை இளவேனிலும் வந்தாள். ஷிப்ட் முடிந்து கேண்டீன் உடுப்போடு வந்தவள், சாலையோரம் ஒரு தைல மரத்தடியில் நின்றுகொண்டாள். கூட வந்த பிரவீன்குமாரும் அவளுக்கு அருகில் நின்றான். நடந்ததைக் கேட்டதிலிருந்து அவன் முகம் வெளிறித்தான் இருந்தது. வடலூர் சந்தைக் கூட்டத்துக்குள் அந்த லோடோடு எத்தனை முறை போய் வந்திருக்கிறான்!

செங்குட்டுவன் தனியாகத்தான் ஏறினான். ராயப்பன் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையசைத்தான். வண்டி தூரத்திலிருந்து வேகமெடுத்து வந்தது. இளவேனில் நின்ற இடத்துக்கு நேராக வந்ததும் அழுத்தினான். மூச்சு ஒரு கணம் நின்றது. அது இன்னும் போகவில்லை. ஆனால் கால் இறங்கியது. லாரி மூக்கைத் தரையில் குத்துவதுபோல் குனிந்து, குலுங்கி, நடுச்சாலையில் நேராக நின்றது.

ராயப்பன் போய்ப் பார்த்தார். கோடுகள் இரண்டும் உடையாமல் இருந்தன.

"இன்னொரு தபா" என்றான் செங்குட்டுவன் ஜன்னலில் தலையை நீட்டி.

இன்னொரு முறையும் நேராக நின்றது. பிறகு அவன் யாரும் கேட்காமலே திரும்பத் திரும்ப ஓட்டி நிறுத்தினான். "டயரு தேஞ்சி பூடப்போவுது, இறங்கச் சொல்லுங்கண்ணே" என்று இளவேனில் சிரித்துக்கொண்டே ராயப்பனிடம் முறையிட்டாள்.

சிங்காரவேல் விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். அவர் சொல்லித்தான் பிரவீன்குமார் ஓட்டினான் என்பது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில், "சேத்தியாத்தோப்புல ஒரு கல்யாண மண்டபம் கட்றாங்க. கல்லு நெறைய போவணும். நீ ஒரு நாளு, பிரவீனு ஒரு நாளுன்னு ஓட்டுங்க. காலுக்கும் ஓய்வாச்சு, அவனுக்கும் பொழப்பாச்சு" என்றார். செங்குட்டுவனுக்கும் அதுவே சரியென்று பட்டது.

முதல் நடை அவனுடையது. அறுவடை முடிந்த காலம். சாலையின் இரு பக்கமும் தாள் நின்ற வயல்களில் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. சேத்தியாத்தோப்பை நெருங்கும் ஒரு வளைவில் திரும்பியதும், சாலை முழுவதும் வெள்ளையும் பழுப்புமாக ஏதோ நெளிவது தெரிந்தது. வாத்துக் கூட்டம். ஒரு வயலிலிருந்து எதிர் வயலுக்கு மேய்ச்சல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நீண்ட கழியை வைத்துக்கொண்டு ஒரு பெண் நடுச்சாலையில் நின்று, லாரியைப் பார்த்துப் பதறிக் கையைத் தூக்கினாள்.

செங்குட்டுவனின் கால் இறங்கியது. பின்னால் கல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டது. ஸ்டியரிங் அவன் கைக்குள் அசையாமல் இருந்தது. லாரி நேராக, அந்தப் பெண்ணுக்கு எட்டவே நின்றது.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது அடிக்கட்டும் என்று இஞ்சினை அணைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான். வாத்துகளுக்கு எந்த அவசரமும் இல்லை. ஒன்று மட்டும் லாரியின் முன் சக்கரத்தருகே வந்து நின்று, டயரை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

"ரொம்ப நேரம் ஆவும்ண்ணே, கோவிச்சிக்காதீங்க" என்றாள் அந்தப் பெண்.

"எதுக்குமா கோவிச்சிக்கப் போறேன்? மெதுவா ஓட்டிகினு போ" என்றான் செங்குட்டுவன். கடைசி வாத்து வயலில் இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, வண்டியைக் கிளப்பினான்.